அக்கா வீட்டு பாம் ஷெல்டர்

அக்கா போன் செய்தபோது இங்கே மதியம் பன்னிரண்டரை. சிங்கப்பூர் ஜூரோங்கில் எங்கள் கட்டடத்துக்கு எதிரே இருக்கும் காப்பிக்கடையில் சோறும் மீன் கறியும் வாங்கிக்கொண்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். அக்கா இருக்கும் அமெரிக்காவின் அரிசோனாவில் முந்தைய நாள் இரவு ஒன்பதரை. பதினைந்து மணி நேர வித்தியாசம். கோடைக்காகக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் பழக்கம் அந்த ஊரில் கிடையாது என்பதால் வருடம் முழுக்க அதே பதினைந்துதான். அந்த நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள்.

"டேய், கரண்ட் போயிடுச்சு. கார்ல ஏசி போட்டு உட்கார்ந்திருக்கோம். அம்மாவும் இங்கதான்."

"கார் எங்க நிக்குது?"

"வீட்லதான்."

"கராஜுக்குள்ளயா?"

"இல்லடா, வாசல்ல. ஏன் இப்படிக் கத்துற?"

கத்தினேன்தான். பக்கத்து மேசைச் சீனத் தாத்தா திரும்பிப் பார்த்தார். மூடிய கராஜுக்குள் இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை என் வேலையில் எல்லோருக்கும் முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலை லேசாக வலிக்கும், தூக்கம் வருவதுபோல இருக்கும், அவ்வளவுதான். நல்லவேளை, அன்றைக்கு அத்தானின் கார் வெளியில் நின்றிருந்தது. அக்காவின் கார் கராஜுக்குள். கரண்ட் இல்லாததால் அந்தக் கதவைத் திறக்கவும் முடியவில்லை. அந்தக் கதவின் கதை கடைசியில் வரும்.

இது நடந்தது 2024 ஜூலையில். செய்தியில் வருகிற அளவுக்கெல்லாம் இல்லை, எட்டு பத்துத் தெருவுக்குத்தான் கரண்ட் இல்லை. அக்கா இருப்பது ஃபீனிக்ஸுக்குத் தென்கிழக்கே சாண்ட்லரில். மாலை ஆறரைக்குத் தெற்கே பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் எழும்பி வந்ததாம். ஹபூப் என்கிறார்கள், அரபுச் சொல். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை அங்கே மான்சூன் என்று கணக்கு. மான்சூன் என்றால் நம் மனதில் வருவது வேறு. அங்கே முதலில் புழுதி வரும், கூடவே காற்று வரும், காற்றில் எங்காவது ஒரு கம்பம் சாயும். மழை வந்தாலும் வரும், வராமலும் போகும். அன்று வரவில்லை. ஏழு மணிக்கு வீட்டுக்குள் 26 டிகிரி. ஒன்பதரைக்கு 31. வெளியே இன்னும் 40க்கு மேல்.

"அம்மாவோட இன்சுலின்?"

"ஐஸ் பேக் போட்டு உன் அத்தானோட லஞ்ச் பையில வெச்சிருக்கேன்."

அம்மா பின் சீட்டிலிருந்து குரல் கொடுத்தார். "மன்னார்குடில கரண்ட் போனா திண்ணைல வந்து உட்காருவோம். இங்க வெளியில வந்தா அடுப்புக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கு தம்பி."

அங்கே நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. வீட்டுக்குள் அப்போது 34.

நான் பிழைப்பு நடத்துவதே கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை வைத்துத்தான். ஒரு தரவு மையத்தில் யுபிஎஸ், பேட்டரி அறை, டீசல் ஜெனரேட்டர் எல்லாம் என் குழுவின் பொறுப்பு. மாதம் ஒரு முறை ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்போம். வேடிக்கை என்னவென்றால், சிங்கப்பூருக்கு வந்த இத்தனை வருடத்தில் என் வீட்டில் கரண்ட் போய் நான் பார்த்ததே இல்லை. 2018 செப்டம்பர் 18 அதிகாலை 1.18க்குத் தீவில் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. 38 நிமிடத்தில் எல்லாம் திரும்பிவிட்டது. மறுநாள் நாடே அதைப் பற்றித்தான் பேசியது. எங்கள் பிளாக்கில் நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம். இங்கே மின்கம்பிகள் பூமிக்கடியில் ஓடுகின்றன. காற்றடித்துச் சாய்வதற்குக் கம்பமே கிடையாது. ஒரு வீட்டுக்குச் சராசரியாக வருடத்துக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் கரண்ட் போகிறது.

அதனால் அக்கா "என்னடா வாங்கலாம்?" என்று கேட்டபோது வீட்டுக்கான அனுபவம் என்று என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அப்பாவின் இன்வெர்ட்டர். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் போன காலத்தில் வாங்கியது. மாடிப்படிக்குக் கீழே 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி ஒன்று, அதன் தலையில் இன்வெர்ட்டர். இரண்டு ஃபேன், நாலு லைட், ஒரு டிவி. மாதம் ஒரு முறை டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவது என் தம்பியின் வேலை. ஊற்றாமலே ஊற்றிவிட்டேன் என்று சொல்லி அடி வாங்குவதும் அவன்தான்.

அதையே கொஞ்சம் பெரிதாக வாங்கி கராஜில் வைத்துவிடு என்று சொன்னேன். பேட்டரி அறையில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவன் சொல்லக்கூடாத யோசனை அது.

போனை வைத்துவிட்டு மாலை ரவுண்ட்ஸ் போகும்போதுதான் உறைத்தது. எங்கள் பேட்டரி அறையை 25 டிகிரியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. காரணம் எளிது. ஈய அமில பேட்டரிக்குச் சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். 25இல் பத்து வருடம் உழைப்பது 35இல் ஐந்து வருடம், 45இல் இரண்டரை. இது ஏட்டில் மட்டும் படித்ததல்ல. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பேட்டரி அறையின் மூலையில், குளிர்காற்று சரியாகப் போகாத இடத்தில் ஒரு வரிசை இருந்தது. ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் மாட்டியவைதான் எல்லாம். மூன்றாவது வருடம் அந்த வரிசை மட்டும் வயிறு உப்பி நின்றது. உறையின் பக்கவாட்டுத் தகடு வெளியே பிதுங்கி, அடுத்த பேட்டரியோடு ஒட்டிக்கொண்டு, இழுத்தால் வரவில்லை. உளி மாதிரி ஒன்றை இடையில் கொடுத்துத்தான் பிரித்தோம். நடுவில் இருந்தவை அப்போதும் புதுசு போல இருந்தன. அங்கே மூலைக்கும் நடுவுக்கும் வித்தியாசம் ஏழெட்டு டிகிரிதான். அக்காவின் கராஜ் ஜூலை மதியம் 46, 47க்குப் போகிறது. அத்தான் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார்.

அதோடு, அப்பாவின் இன்வெர்ட்டர் ஓட்டியது ஃபேனை. மன்னார்குடியில் ஃபேன் போதும். 34 டிகிரியில் வியர்வை காய்ந்தால் உடம்பு குளிரும். 42 டிகிரி உலர்ந்த காற்றை ஃபேன் முகத்தில் அடித்தால் அது ஹேர் டிரையர். உடம்பைவிடக் காற்று சூடாக இருக்கும்போது ஃபேன் சூட்டைக் கொண்டுவந்து சேர்க்கும். வயதானவர்களுக்கு இன்னும் மோசம்.

பாலைவனத்து வெயிலை நாங்கள் எவ்வளவு குறைத்து எடை போடுகிறோம் என்பதற்கு ஒரு கணக்கு. சிங்கப்பூரில் பதிவான உச்ச வெப்பம் 37.0 டிகிரி. 2023 மே 13இல் ஆங் மோ கியோவில் அதைத் தொட்டபோது அலுவலகத்தில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினோம். அதே வருடம் ஜூலை 19 அன்று ஃபீனிக்ஸில் பதிவான மிகக் குறைந்த வெப்பம் 36. அதாவது அங்கே விடியற்காலைக் குளிர், இங்கே வரலாற்று உச்சத்துக்கு ஒரு டிகிரி கீழே. அந்த வருடம் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல். ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிகோபா கவுண்டியில் அந்த ஆண்டு வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர். வீட்டுக்குள் இறந்தவர்களில் பலருடைய வீட்டில் ஏசி இருந்தது. ஓடவில்லை.

சரி, அத்தானின் பக்கம் வருவோம். அவர் ஒரு விற்பனையாளரை வீட்டுக்கு வரவழைத்துவிட்டார். வந்தவர் சுவரில் மாட்டும் லித்தியம் பேட்டரி மூன்று போட்டால் கரண்ட் போனதே தெரியாது, வீடு முழுக்க ஓடும் என்று சொல்லி 41 ஆயிரம் டாலருக்கு ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அத்தானுக்கு அந்தத் தாள் பிடித்திருந்தது.

"மாப்ளே, தெரியவே தெரியாதாம்."

"போன ஜூலை பில்லுல எத்தனை யூனிட் அத்தான்?"

"2300 சொச்சம்."

31ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 74 யூனிட். மணிக்கு மூன்று. ஒரு பேட்டரி 13.5 யூனிட், ஆக நாலரை மணி நேரம். அதுவும் சராசரிக் கணக்கில். ஜூலை மாலையில் நாலு டன் சென்ட்ரல் ஏசி நிற்காமல் ஓடும். வெளியே சூடு ஏற ஏற ஏசி குளிர்விப்பது குறையும், தின்னும் கரண்ட் கூடும். அப்போது ஒரு பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கினால் பெரிய விஷயம். மூன்று பேட்டரி என்றால் ஒன்பது மணி நேரம், மிஞ்சிப்போனால் அரை நாள். 41 ஆயிரம் டாலருக்கு அரை நாள்! அப்புறம் அதே சூடு, அதே கார், அதே லஞ்ச் பை.

இன்னொரு விஷயத்தை அந்த விற்பனையாளர் சொல்லவே இல்லை. சென்ட்ரல் ஏசியின் கம்ப்ரஸர் ஓடும்போது வாங்குவதைவிட, கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பேட்டரியில் எத்தனை யூனிட் இருக்கிறது என்பது வேறு, அந்த ஒரு நொடியை இன்வெர்ட்டர் தாங்குமா என்பது வேறு. தாங்காவிட்டால் பேட்டரி நிறைய இருந்தும் வீடு இருட்டாகிவிடும். ஏசியின் பெயர்த் தட்டில் எல்ஆர்ஏ என்று ஓர் எண் இருக்கும், கிளம்பும்போது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பது அதுதான், அதைப் பார்க்க வேண்டும். எண் பெரிதாக இருந்தால் சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்று ஒரு சிறிய பெட்டியை மாட்டி அந்த இழுப்பைக் குறைக்கலாம். அத்தான் மாடிக்கு ஏறித் தட்டைப் படம் எடுத்து அனுப்பினார். 117 ஆம்பியர்.

அக்கா அப்போது சொன்னதுதான் எனக்கு இன்னும் சிரிப்பு. "எதுக்குடா இதெல்லாம்? மேல சோலார் இருக்கே." மூன்று வருடமாகக் கூரையில் ஏழு கிலோவாட் சோலார். அன்று இருட்டின பிறகு கரண்ட் போனதால், பகலில் போனால் சோலார் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொள்ளாது. தெருவில் மின்சாரம் இல்லையென்றால் சாதாரண சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். நிற்க வேண்டும். இல்லையென்றால் செத்த லைன் என்று நினைத்துக் கம்பத்தில் ஏறியவர் மேல் உங்கள் கூரையின் மின்சாரம் பாயும். பேட்டரியோடு ஒரு தானியங்கி சுவிட்ச் வைத்து, தெருவிலிருந்து வீட்டைத் துண்டித்துத் தனித் தீவாக்கினால்தான் சோலார் ஓடும். கொளுத்தும் வெயிலில் கூரை முழுக்க பேனல் பளபளக்க, கீழே ஆட்கள் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருப்பது அந்த ஊரில் சாதாரணம்.

அன்று இரவு வீட்டுக்கு வந்து யோசித்தேன். எங்களுடையது செங்காங்கில் நாலறை வீடு. சமையலறைக்குப் பக்கத்தில் தடித்த சுவரும் இரும்புக் கதவுமாக பாம் ஷெல்டர். 1990களின் கடைசியிலிருந்து கட்டிய அரசு அடுக்குமாடி வீடுகளில் எல்லாம் அது உண்டு. எங்கள் வீட்டில் அதற்குள் இருப்பது பொன்னி அரிசி மூட்டை, கொலு பொம்மைப் பெட்டி, ஓடாத சைக்கிள் ஒன்று. கொலு பொம்மையை நகர்த்திவிட்டு டார்ச் தேடிக்கொண்டிருந்தபோது அந்தக் கதவைப் பார்த்தேன். குண்டு விழும் என்று பயந்த அரசாங்கம் பத்து மாடி வீட்டையும் இரும்பால் கட்டவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறையைக் கட்டிவிட்டு, நேரம் வந்தால் அதற்குள் போ என்றது.

மறுநாள் அக்காவிடம் கேட்டேன். "உன் வீட்ல பாம் ஷெல்டர் எதுன்னு சொல்லு."

"என்னடா உளர்ற?"

"நீங்க நாலு பேரும் ஒரு ராத்திரி படுக்கிற மாதிரி ஓர் அறை. வெயில் கம்மியா அடிக்கணும். பாத்ரூம் பக்கத்துல இருக்கணும். அம்மா படி ஏறக்கூடாது."

கீழே அம்மாவின் அறைதான். பன்னிரண்டுக்குப் பதின்மூன்று அடி. மேலே இன்னொரு மாடி இருப்பதால் கூரைச் சூடு நேரே இறங்காது. ஜன்னல் ஒன்றுதான்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. அந்த அறைக்கு மட்டும் முக்கால் டன் மினி ஸ்ப்ளிட், இன்வெர்ட்டர் வகை. நம் சிங்கப்பூர் வீடுகளில் படுக்கையறையில் தொங்கும் அதே ஏசிதான். அங்கே எல்லாம் சென்ட்ரல் என்பதால் அத்தானுக்கு அது புதுமை. மெதுவாகக் கிளம்பும், முதல் நொடி இழுப்பு என்ற பேச்சே இல்லை. மதியம் உச்ச வெயிலில் 700, 800 வாட். அறை குளிர்ந்த பிறகு இரவில் 300, 400. ஜன்னல் ஏசி இன்னும் மலிவு, ஆனால் தெருவிலிருந்து தெரிகிற மாதிரி எதையும் மாட்டக்கூடாது என்று அவர்கள் குடியிருப்புச் சங்கத்தில் விதி. ஃபிரிட்ஜ், வைஃபை, ரெண்டு லைட், போன் சார்ஜர் எல்லாம் சேர்த்து இரவுக்கு மணிக்கு அரை யூனிட்டிலிருந்து முக்கால் யூனிட்டுக்குள். அதே 13.5 யூனிட் பேட்டரி, ஒன்றே ஒன்று, இருபது மணி நேரம் ஓடும். அதற்குள் விடிந்துவிடும், சோலார் வந்துவிடும். பேனலுக்கும் சூடு ஆகாது. 65 டிகிரியில் காயும் பேனல் 14 சதவீதம் வரை குறைத்துத்தான் தரும். அப்படியும் ஏழு கிலோவாட்டில் அந்த அறைக்கும் பேட்டரிக்கும் தாராளம்.

மூன்று பேட்டரிக்குப் பதில் ஒன்று என்றதும் அந்த விற்பனையாளர் திரும்பக் கூப்பிடவில்லை. வேறு ஒருவர் மாட்டினார். மினி ஸ்ப்ளிட்டையும் சேர்த்து முதல் தாளில் இருந்ததில் பாதிகூட ஆகவில்லை. 30 சதவீத வரிச் சலுகை அப்போது இருந்தது. 2025 முடிவோடு அது போய்விட்டது, இப்போது வாங்குகிறவர்கள் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எந்த லித்தியம் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். 2024 செப்டம்பர் 10 இங்கே லோயாங்கில் ஒரு தரவு மையத்தில் லித்தியம் அயன் பேட்டரிகள் தீப்பிடித்தன. தீயணைப்புப் படை ஒரு நாளுக்கு மேல் அங்கே போராடியது. எங்கள் தொழிலில் அந்த வாரம் யாரும் வேறு எதையும் பேசவில்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்கிற வகை எடை கூட, ஆனால் சூட்டுக்கு நிதானமானது. நிக்கல், கோபால்ட் கலந்த வகையைவிடத் தாமதமாகத்தான் அதில் சூடு கட்டுமீறிப் போகும். அந்த ஊருக்கு இதுதான் என்றேன். இப்போது சந்தையில் பெரும்பாலும் அதுதான் வருகிறது என்பதால் பெரிய சண்டை தேவைப்படவில்லை.

எங்கே மாட்டுவது என்பதில்தான், அதற்கு முன்பே ஜூலையில், இரண்டு வாரம் போனது. இந்தப் பேட்டரிகளின் குறிப்புத் தாளில் 50 டிகிரி வரை என்று போட்டிருப்பார்கள். அது காற்றின் சூடு. வெயில் நேரே பட்டால் உறையின் சூடு அதற்கு மேல் போகும். 50க்குக் கீழேயும், நெருங்க நெருங்க பேட்டரி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது நமக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில் அது குறைத்துத் தரும். ஃபீனிக்ஸின் உச்ச பதிவும் 50தான், 1990 ஜூன் 26. கராஜ் வேண்டாம், அதன் கதவு மேற்கே பார்க்கிறது. தெற்குச் சுவர் கேட்கவே வேண்டாம். வடக்குச் சுவர்தான் என்று நான் சொல்ல, மாட்டுகிறவரும் அதையே சொன்னார். எல்லோருக்கும் திருப்தி.

அத்தான் ஒரு காரியம் செய்தார். கணக்கர் புத்தி. அந்த வடக்குச் சுவரை மணிக்கு ஒரு படமாக எடுத்துக்கொண்டே இருந்தார். பத்து மணி, நிழல். பன்னிரண்டு, நிழல். இரண்டு, நிழல். நான்கரைப் படத்தில் சுவரின் மேற்கு ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு. ஐந்தரைக்குச் சுவர் முழுக்க வெயில், பேட்டரி மாட்ட பென்சிலால் கோடு போட்டிருந்த கட்டத்தின் மேல் பளீரென்று. ஆறரைக்கும் அப்படியே. நாளின் உச்சச் சூட்டில், சரியாக அந்த நேரத்தில்!

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஜூனில் சூரியன் வடக்கே சாய்கிறது. எங்கள் வீட்டு வடக்கு ஜன்னலில் ஜூன் மாதம் முழுக்க வெயில் அடிக்கும். மூங்கில் கழியில் துணியை நீட்டினால் ரெண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், டிசம்பரில் காயாது. தினமும் துணி காயப்போடுகிற என் மனைவியைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். சாண்ட்லரில் சூரியன் நடுப்பகலில் தெற்கேதான் இருக்கும். ஆனால் ஜூன், ஜூலையில் உதிப்பதும் மறைவதும் வடக்கே தள்ளி. மதியம் மூன்றே முக்கால், நாலு மணிக்கே அது சுவரைச் சுற்றி வந்துவிடுகிறது.

கடைசியில் அதே வடக்குச் சுவர்தான், ஆனால் மேற்குப் பக்கம் சுவரிலிருந்து மூன்றடி நீட்டி ஒரு தகட்டு மறைப்பு, மேலே சின்னக் கூரை. காற்று போய்வர நான்கு பக்கமும் இடைவெளி. ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி, அது அங்கே விதி. மாட்டுகிறவர் அந்த மறைப்பைப் பார்த்து "ஆட்டுக்கொட்டகை மாதிரி இருக்கிறது" என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னாராம்.

ஜெனரேட்டர் ஏன் இல்லை என்று சிலர் கேட்பீர்கள். நான் ஜெனரேட்டர்காரன், ஆசை எனக்கும் இருந்தது. சூடான காற்று லேசானது, இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். தட்டில் எழுதியிருக்கும் சக்தி 45 டிகிரியில் கிடைக்காது. பெட்ரோல் சில மாதத்தில் கெட்டுவிடும், அந்த ஊர் கராஜில் இன்னும் சீக்கிரம். புழுதிப் புயல் அடித்த மறுநிமிடம் ஓட்ட வேண்டிய இயந்திரத்தின் ஏர் ஃபில்டரை அந்தப் புயலே அடைத்துவிடும். அப்படியும் ஒரு சின்னது, இரண்டு கிலோவாட், புரொப்பேன் சிலிண்டரில் ஓடுவது, வாங்கி வைக்கச் சொன்னேன். காஸ் கெடாது. மூன்று நாள் கரண்ட் வராமல், வானமும் மூடிக்கொண்டால் அதற்கு. வீட்டிலிருந்து இருபதடி தள்ளி வைத்து ஓட்ட வேண்டும், எந்த நேரத்திலும் கராஜுக்குள் கூடாது, படுக்கையறை வாசலில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று. இதை அக்காவிடம் நான்கு முறை சொன்னேன். ஐந்தாவது முறை போனை வைத்துவிட்டாள்.

தண்ணீர் கூலர் பற்றி அம்மாவுக்கு ஓர் ஆசை. ஜூன் மாத உலர் காற்றில் அது நன்றாகவே வேலை செய்யும், கரண்டும் ஏசி தின்பதில் ஒரு சின்னப் பங்குதான் தின்னும். மான்சூனில் காற்றில் ஈரம் ஏறியதும் வெறும் புழுக்கம். கரண்ட் போவது மான்சூனில். விட்டுவிட்டோம்.

எல்லாம் மாட்டின பிறகு நான் கண்டுபிடித்த ஓட்டை, பேட்டரியின் செட்டிங்கில் இருந்தது. அக்காவின் மின்கட்டணத் திட்டத்தில் வார நாளில் மாலை நான்கு முதல் ஏழு வரை விலை அதிகம். பணம் மிச்சம் பிடிக்க, பேட்டரி தினமும் அந்த நேரத்தில் தன்னைக் காலி செய்து வீட்டை ஓட்டிவிட்டு, ஏழு மணிக்கு 20 சதவீதத்தில் நிற்கிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். புயல் எத்தனை மணிக்கு வந்தது? ஆறரை. கரண்ட் போனது ஏழு. வருடத்தில் எட்டு மாதம் அந்த செட்டிங் இருக்கட்டும், ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே கூடாது என்று மாற்றச் சொன்னேன். மாதம் கொஞ்சம் டாலர் நஷ்டம் என்று அத்தான் முனகினார். அந்த நஷ்டத்துக்குத்தானே அத்தான் இதை வாங்கினோம் என்றேன்.

2025 ஏப்ரலில் ஒரு மாலை சோதனை. எங்கள் தொழிலில் ஓட்டிப் பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று எண்ணுவதில்லை. அங்கே மாலை ஏழு, இங்கே மறுநாள் காலை பத்து, எனக்கு விடுமுறை நாள். வீடியோ கால் போட்டு அத்தானை மெயின் பிரேக்கரை இறக்கச் சொன்னேன். இறக்கினார். படம் ஒரு நொடி உறைந்து திரும்ப வந்தது, வைஃபை பிழைத்துக்கொண்டது. ஹாலில் இருட்டு. அம்மா அறையில் லைட். மினி ஸ்ப்ளிட்டின் பச்சைப் புள்ளி. ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார்கள், உள்ளே விளக்கு, கதவு ஓரத்தில் இன்சுலின் பெட்டி. மாடியில் பேரன் கத்தினான், அவனுடைய கம்ப்யூட்டர் போய்விட்டது. அது போகட்டும் என்றுதான் விட்டிருந்தோம்.

"இப்ப காரை வெளியில எடுங்க அத்தான். ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா?"

கராஜுக்குப் போய்ச் சுவரில் பட்டனை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினார். கதவின் மோட்டாரைப் பேட்டரி இணைப்பில் சேர்க்க எல்லோரும் மறந்திருந்தோம், நானும்தான். ஏசி, ஃபிரிட்ஜ், வைஃபை என்று வாட் வாட்டாகக் கணக்குப் போட்டவன், அந்த முதல் இரவே மாட்டிக்கொண்டு நின்ற கதவை மறந்துவிட்டேன்.

"மோட்டாருக்குக் கீழ சிவப்புக் கயிறு ஒண்ணு தொங்கும் பாருங்க. அதை இழுத்தா கதவு கழண்டுக்கும், அப்புறம் கையால தூக்கலாம்."

அத்தான் போனின் டார்ச்சை மேலே திருப்பினார். கயிறு இருந்தது. அதன் நுனியில் காய்ந்து கறுத்த எலுமிச்சம்பழம் ஒன்று, மேலும் கீழும் மிளகாய், நடுவில் ஒரு கரித்துண்டு.

"அத்தை, இதை யாரு இங்க கட்டினது?"

அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசற்படிக்கு வந்துவிட்டார். "வீட்டுக்கு வாசல்னு பார்த்தா அந்த ஒரு கதவுதான் தினம் தொறந்து மூடுறீங்க. சும்மாதானே தொங்குது, கயிறு நல்லா இருக்கேன்னு கட்டினேன். இழுக்காதீங்க மாப்ளே, போன அமாவாசைக்குத்தான் மாத்துனது."

அத்தான் என்னைப் பார்த்தார். அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் வாஷிங் மெஷின் மேல் சாய்ந்துவிட்டாள். கடைசியில் ஏணி போட்டு எலுமிச்சையை அவிழ்த்து அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் கயிற்றை இழுத்தார்.